ரோமாபுரி வக்கீலும் மூன்று ஐஸ் முதலாளிகளும்

உலகத்தில் கெட்டிக்கார வக்கீல்கள் இருக்கிறார்கள், நேர்மையான வக்கீல்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் டீக்கடை மசால்வடை ஒரு சுற்று சிறுத்துவிட்டால் அதற்குப் பின்னால் சர்வதேசச் சதி இருப்பதாகச் சந்தேகப்படும் வக்கீலை எங்கள் ராயபுரம் ஒன்றுதான் பெற்றெடுத்தது. அவர் பெயர் ரோமாபுரி வக்கீல். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைப் போட்டு வந்த தபால்களைத் தபால்காரரே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகன் அவர். கப்பல் கம்பெனி குமாஸ்தாவாக லண்டன் போய், மாலை வகுப்பில் சட்டம் படித்து, பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்ந்தார். அப்போதுதான் ஐரோப்பாவில் ஆறு நாடுகள் கூடி ஒரே சந்தையாகியிருந்தன. வியாபாரிகள் ரகசியமாகப் பேசிவைத்து விலையை ஏற்றக் கூடாது, கொழுத்த முதலாளி தன் பலத்தை வைத்து மற்றவர்களை நசுக்கக் கூடாது என்றெல்லாம் ரோம் நகரத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். நம்மவர் அதைக் கரைத்துக் குடித்தார். சிமெண்டுக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள் என்று பெரிய தலைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் வேலை பார்த்தார். பிறகு ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கே வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், அங்கே மழைகூட சத்தம் போடாமல் பெய்கிறது, மனுஷன் எப்படி இருப்பது என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அவரிடம் டைப்பிஸ்ட் வேலைக்குப் போனேன். இண்டர்வியூவில் என் வேகத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எங்கள் தெருவில் சோடாக் கடை எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன். மூன்றிலும் ஒரே விலையா என்றார். ஆமாம் என்றேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏன் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மூணு கடையும் எங்க சித்தப்பாவோடதுதான் சார்" என்றேன்.

அன்றைக்கே வேலை கிடைத்தது. சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் போயிற்று. எனக்கு அவர் கொடுத்த முதல் டைப்பிங் வேலை அதுதான்.

ஆபீஸில் உருப்படியான வேலையும் நடந்தது. தோல் ஏற்றுமதிக்காரர்கள், இறால் அனுப்புகிறவர்கள், கைலித் துணிக்காரர்கள் எல்லாரும் சுங்கத் தகராறு என்றால் அவரிடம்தான் வருவார்கள். ஜெர்மனிக்காரன் ஏன் சரக்கைத் திருப்பி அனுப்பினான், பிரான்ஸுக்காரன் எந்த விதியைக் காட்டி வரி போட்டான் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டும் டையும் போட்டு உட்கார்ந்து, வியர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட, எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா இல்லையா என்பதைப் பற்றிக் கவலையில்லாமல் ரோம் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவார்.

வம்பே அந்த ரோமில்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் மாதா கோயில் மணிச் சத்தத்தில் எழுந்து கோயில் மணிச் சத்தத்தில் தூங்குகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். ரோம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது போப்பாண்டவர் ஒருவர்தான். லூர்து ஆண்ட்டி என்று ஒருவர், தன் மகளின் கல்யாணத்தை ரோமில் சொல்லி ரத்து செய்துதரும்படி வந்து நின்றார். வக்கீல் அவரை உட்காரவைத்து, ரோம் என்பது இங்கே வேறு விஷயம் என்று ஆரம்பித்து, சர்க்கரை விலை வழக்கை முக்கால் மணி நேரம் விளக்கினார். ஆண்ட்டி அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே போய்த் தெருவில் சொன்னதுதான் அழகு: "போப்பாண்டவரு வூட்ல சர்க்கரைக்குக்கூட கணக்கு கேக்குறாங்களாம்." அன்றிலிருந்து அவர் ரோமாபுரி வக்கீல். மறுப்பதை அவரும் விட்டுவிட்டார்.

அந்த வருஷம் கோடை மிகக் கடுமை. காசிமேட்டுக் கரையிலிருந்து பிலோமினா என்ற மீன்காரம்மா ஒரு காலை வேளையில் ஏழெட்டுப் பெண்களோடு ஆபீஸ் ஏறி வந்தார். அந்தக் கரையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நாட்டாமை செய்கிற ஆண்களே அவர் வெற்றிலையைத் துப்பி முடிக்கும்வரை காத்திருந்துதான் பேசுவார்கள்.

"சார், மூணு ஐஸ்காரனும் ஒரே நாள்ல ஒரே வெல ஏத்திக்கீறான். இன்னாடா இதுன்னு கேட்டா, வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி போன்றான். மீனெல்லாம் கலீஜாப் பூடுது. கூடைய தூக்கினு நாங்க எங்க சார் போவோம்?"

வக்கீல் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பரவசம். "கார்ட்டெல்" என்றார் மெதுவாக. இன்னொரு முறையும் சொன்னார். வியாபாரிகள் கூடிப் பேசி விலை ஏற்றுவதற்கு ஐரோப்பாவில் அதுதான் பெயர்.

பிலோமினா என் பக்கம் குனிந்து, சார் திட்டுகிறாரா என்று கேட்டார். திட்டவில்லை, பல வருஷமாகப் பார்க்காத தோஸ்தைப் பார்த்த மாதிரி சந்தோஷப்படுகிறார் என்று சொன்னேன்.

அந்த மூன்று முதலாளிகளை ஊரில் பெரிய ஐஸ், நடு ஐஸ், சின்ன ஐஸ் என்றுதான் சொல்வார்கள். ஃபாக்டரியின் அளவை வைத்து வந்த பெயர். ஆனால் ஆளைப் பார்த்தால் சின்ன ஐஸ்தான் மூவரிலும் பருமன். சிக்கல் என்னவென்றால், எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடம் பெரிய ஐஸுக்குச் சொந்தம். மேல்மாடியில் வக்கீலின் குடும்பமும் அவரிடம்தான் வாடகைக்குக் குடியிருந்தது. அவரைப் பகைத்துக்கொண்டால் ஆபீஸும் வீடும் ஒரே நாளில் தெருவுக்கு வரும். வக்கீல் மேலே போய் மனைவியிடம் யோசனை கேட்டுவிட்டு வந்தார். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பேச்சிலும் சிக்கனம். மீன்காரப் பெண்கள் இன்னும் கீழேதான் நிற்கிறார்களா என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்றதும், அப்புறம் என்னிடம் என்ன கேள்வி என்றாராம்.

ஏகபோகத்துக்கு எதிராக நம் நாட்டிலும் சட்டம் வந்திருந்தது. ஆனால் அது யானைக்கு விரித்த வலை, எலி பூந்து போய்விடும் என்று வக்கீலுக்கே தெரியும். இருந்தாலும் டெல்லிக்கு ஒரு மனு தயார் செய்தார், நான் டைப் அடித்தேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு மூன்று ஃபாக்டரிக்கும் தனித்தனியாகப் போய், மூன்று பேரிடமும் டீ வாங்கிக் குடித்துவிட்டு ஒரே சேதியைச் சொன்னார். மனு தயார். நாளைக் காலை ஆபீஸ் திறந்ததும் முதலில் வந்து உள்ளதை ஒப்புக்கொள்கிறவர் பெயர் மனுவிலிருந்து நீக்கப்படும். மற்ற இருவர் பாடு டெல்லி பாடு.

மறுநாள் நான் போனபோது வாசற்படியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. ரேஷன் கடையில் இடம் பிடிக்க வைப்போமே, அதேபோல் ஒரு கல்லை உள்ளே போட்டு வைத்திருந்தது. பையை முந்தின சாயங்காலமே வைத்தவர் சின்ன ஐஸ். எதிர்க் கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அதைக் காவல் காத்தார். பைக்குப் பக்கத்தில் நடு ஐஸ் தானே வந்து நின்றுகொண்டிருந்தார். பை பேசாது, நான் பேசுவேன், ஆகவே நான்தான் முதல் என்பது அவர் வாதம். இருவரும் இழுபறி செய்துகொண்டிருக்கும்போதே வக்கீல் இறங்கி வந்தார். நான் கதவைத் திறந்தேன்.

உள்ளே, கட்சிக்காரர் நாற்காலியில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு பெரிய ஐஸ் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரர் இல்லையா, மாற்றுச் சாவி வைத்திருந்தார்.

பிறகு நடந்ததை எழுத எனக்கு இன்னொரு டைப்பிஸ்ட் வேண்டும். நான்தான் முதல் என்று நிரூபிக்கிற அவசரத்தில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள். விலையை ஏற்றலாம் என்று முதலில் சொன்னது யார், தலையாட்டியது யார், எல்லாம் வந்தது. பெரிய ஐஸ் மகள் கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் முடிவான விஷயம் அது. ஜன்னலுக்கு வெளியே பிலோமினாவும் பெண்களும் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன ஐஸ் திரும்பிப் பார்த்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. அதற்குமேல் டெல்லி எதற்கு?

வக்கீல் டையைச் சரிசெய்துகொண்டு தீர்ப்பு மாதிரி சொன்னார். பை வைத்தது முறையான வரிசை, ஆகவே சின்ன ஐஸுக்கு மன்னிப்பு. நடு ஐஸுக்கு எச்சரிக்கை. பெரிய ஐஸ் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்காரர்ங்கிற பலத்தை வெச்சு நீங்க மத்தவங்களை முந்தப் பார்த்தீங்க. ஐரோப்பாவில் இதுதான் சார் இருக்கிறதிலேயே பெரிய குத்தம்."

பெரிய ஐஸுக்கு ஐரோப்பாவும் புரியவில்லை, குற்றமும் புரியவில்லை. "என் வூட்ல குந்திகினு எனக்கே வேட்டு வெக்கிறியா? காலி பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்ன ஐஸ் அன்று மத்தியானமே விலையைக் குறைத்தார். நடு ஐஸ் அதற்கும் கீழே இறங்கினார். நாலாம் நாள் பெரிய ஐஸும் வழிக்கு வந்து, ஐஸ் வாங்கினால் அது கரையாமல் மூடிவைக்க மரத்தூள் இலவசம் என்று போர்டு மாட்டினார். கரையில் மீன் வெள்ளி மாதிரி மின்னியது.

வீடு காலி செய்கிற விஷயத்தில் மட்டும் பெரிய ஐஸ் இறங்கவில்லை. வழக்குப் போட்டால் பத்து வருஷம் இழுக்கலாமே என்று வக்கீலிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. புத்தக அலமாரி முன்னால் நின்றுகொண்டு, முதன்முதலாக என்ன செய்வதென்று தெரியாத மனிதரைப் போல முழித்தார். பிலோமினாதான் வந்து அதட்டினார்.

"இன்னாத்துக்கு சார் மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? கோயில் பக்கத்துல என் தம்பி வூட்டு மாடி சும்மாத்தான் கீது. எந்திரி."

அரை மணி நேரத்தில் தெரு முழுக்கக் கூடைகள். பிரெஞ்சு மொழியில் தங்க எழுத்துப் பொறித்த தடித்தடியான சட்டப் புத்தகங்கள் எல்லாம் மீன் கூடையில் ஏறின. பெண்கள் வரிசையாக நடந்தார்கள், முன்னால் கோட்டும் டையுமாக வக்கீல், பின்னால் டைப்ரைட்டரோடு நான், கடைசியில் ஸ்டவ்வும் தண்ணீர்ப் பானையுமாக டீச்சரம்மா. ரோமிலிருந்து வந்த புத்தகம் போகிறது என்று யாரோ சொல்லிவிட, வழியெல்லாம் ஜனங்கள் நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். லூர்து ஆண்ட்டி முழங்கால் போட்டே விட்டார். அதன் பிறகு அந்தப் புத்தகங்களில் எதைத் திறந்தாலும் நெத்திலி வாசம் அடித்தது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதுதான் பசி எடுக்கிறது என்று வக்கீல் சந்தோஷமாகச் சொல்வார்.

புது இடத்தில் மீன்காரர் வழக்குகள் பெருகின, ஏற்றுமதிக்காரர்கள் சிலர் ஒதுங்கினார்கள். சில மாதம் கழித்து வக்கீல் என்னைக் கூப்பிட்டு, கடற்கரை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோ வேலை காலி என்றும், என் திறமைக்குச் சந்தையில் கிடைக்கவேண்டிய சம்பளம் அங்கேதான் கிடைக்கும் என்றும், என்னை இங்கே பிடித்து வைப்பது போட்டிக்கு விரோதம் என்றும் சொன்னார். அவரே கூட்டிப்போய்ச் சேர்த்தும் விட்டார்.

அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. வடையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு வாரம் தாங்கினேன். அடுத்த திங்கட்கிழமை கோயில் பக்கத்து மாடிக்கு ஏறிப் போய் என் இடத்தில் உட்கார்ந்து, டைப்ரைட்டர் உறையைக் கழற்றினேன்.

வக்கீல் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சம்பளத்தில் குறைவா, வேலையில் கஷ்டமா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை என்றேன்.

"பொருளாதாரக் காரணம் ஒண்ணு இருந்தே ஆகணுமே, ஸ்டெல்லா."

அப்படி ஒன்றும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகினேன். அவர் எழுந்து, அந்த ஆபீஸில் இருந்த ஒரே மேஜை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.