சாக்குக்குள் இருந்தது பலாதான்

2014இல் சிவகுருநாதன் பணி ஓய்வு பெற்றார். அதுவரை அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளை இனம் பிரித்துக்கொண்டிருந்தவர், மறுநாள் காலையிலிருந்து மரங்களை இனம் பிரிக்கத் தொடங்கினார்.

இந்தப் பிறவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவின் வரிசை வீடுகளில் தெருவுக்கு ஒருவர் உண்டு: மரம் பார்த்துச் சொல்பவர். யாரும் கேட்க வேண்டியதில்லை. வேலிக்கு மேலே கழுத்து நீளும், ஓர் இலை பறிபடும், கசங்கும், மூக்குக்குப் போகும், கண்கள் மூடும், தீர்ப்பு வரும். முடி நீண்ட ரம்புத்தானைக் காட்டினால், முள் குட்டையான புலாசான் என்பார். டுக்குவைக் காட்டினால், அதே சாயலுள்ள லங்சாட் என்பார். நீங்கள் முந்திக்கொண்டு லங்சாட் என்றால், "எல்லாரும் அப்பிடித்தான் ஏமாறுறது" என்று டுக்குவுக்குத் திரும்பிவிடுவார். பழத்தைத் தின்று பார்த்தால் தெரியாதா? தெரியும். அதில் என்ன பெருமை?

பக்கத்து வீட்டு மலர்விழி குடிவந்தபோதே அவள் வேலியோரம் ஒரு மரம் நின்றது. இந்த வருடம்தான் முதல் காய். பூச்சி துளைக்காமலிருக்கப் பிஞ்சிலேயே சாக்கு கட்டிவிட்டாள். அவள் மகளுக்குக் கிள்ளானில் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு முதன்முதலாகத் தட்டு எடுத்துப் போகும்போது மா, பலா, வாழை மூன்றும் இருந்தாக வேண்டும்.

"அங்கிள், இது பலாவா, செம்படாக்கா? செம்படாக்னா நான் பாசார்ல பலா வாங்கிக்கிறேன். மாப்பிள்ளையோட அம்மா முறை தவறினா விடமாட்டாங்களாம்."

செம்படாக், பலாவுக்கு நெருங்கிய பங்காளி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். செம்படாக்கின் கிளையில் மட்டும் பழுப்பு முடி இருக்கும். சிவகுருநாதன் எட்டிய கிளையைக் கட்டைவிரலால் தடவினார். வழவழவென்றிருந்தது.

"பலாதான் பிள்ளை. கடைக்கு அலையாதை. சாக்கைப் பிரிக்காமலே சொல்லுறன்."

"ஷுவரா, அங்கிள்?"

"பிழைச்சா என்ரை பேரை மாத்திக் கூப்பிடு."

சனிக்கிழமை, பெடரல் நெடுஞ்சாலை. மலர்விழியின் கணவர் யுகேந்திரன் காரை ஓட்டினார், பக்கத்தில் மலர்விழி. பின் சீட்டில், சாக்குக் கட்டோடு பழத்தை மடியில் ஏந்தி, பிடிவாதமாக உடன் கிளம்பிய சிவகுருநாதன். ஷா ஆலத்தில் நெரிசல். வெயிலில் பழம் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தது. முதலில் லேசான வாசனை. பிறகு நெடி. பிறகு காரில் காற்று என்று தனியாக எதுவும் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: முடி இருப்பது இளந்துளிரில், அவர் தடவியதோ முற்றிய கிளையை.

"என்ன அங்கிள், இப்படித் தூக்குது?"

"நல்ல சாதிப் பலா."

யுகேந்திரன் கண்ணாடியை இறக்கினார். பக்கத்துக் காரில் ஒரு குடும்பமே திரும்பியது. "செம்படாக்!" என்று முன்சீட்டு அம்மாள் சப்புக்கொட்டினார்.

மலர்விழியின் கண் கலங்கியது. "இப்ப எங்க போய்ப் பலா தேடுறது? அவங்க முன்னாடி எப்படி நிக்கிறது?" கொஞ்ச தூரம் போனதும், "உங்களுக்கு என்ன பேர் வைக்கலாம்னு யோசிக்கிறேன், அங்கிள்" என்றாள்.

கிள்ளானில், மாப்பிள்ளையின் அம்மா நல்லம்மாள் வாசலிலேயே மூக்கை உயர்த்தினார். தட்டில் வைக்கச் சாக்கைப் பிரித்தார்கள். சிவகுருநாதன் தொண்டையைச் செருமினார்.

"இது பலாக் குடும்பம்தான்..."

"குடும்பமா? அப்ப முறைக்குச் சரியாப் போச்சு," என்றார் நல்லம்மாள். "பலா எல்லாரும் கொண்டு வருவாங்க லா! இத யாரு கொண்டு வருவா? எண்ணெய் வைங்கடி!"

மாவில் தோய்த்துப் பொரித்த செம்படாக்கைச் சாப்பிட்டுக்கொண்டே கல்யாணத் தேதியைக் குறித்தார்கள். இரண்டாம் தட்டு வந்தபோது சிவகுருநாதனின் முதுகு நிமிர்ந்துவிட்டது. "பலா எண்டு நான் சொன்னதிலை பிழையில்லை, பாருங்கோ."

சிரிக்கிறீர்களா? பலாவா, செம்படாக்கா என்று படித்ததுமே 'செம்படாக்காகத்தான் இருக்கும்' என்று நீங்களும் தீர்ப்பு சொல்லவில்லையா? துளிரைத் தடவிப் பார்க்க யார் வீட்டு வேலி வசதி என்று இப்போதே யோசிக்கவில்லையா?

நல்லம்மாள் வீட்டுப் பின்புறம் நிற்பது டுக்குவா, லங்சாட்டா என்று சொல்ல, வரும் ஞாயிற்றுக்கிழமை சிவகுருநாதன் மறுபடி கிள்ளானுக்குப் போகிறார்.