வழிமறிச்சானும் வின்னிபெக் பனியும்

செந்தூர்பாண்டியைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறவர்கள் முதலில் வாயைக் கழுவிவிட்டு வரட்டும். மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகாமல் கனடா டிக்கெட்டை இரண்டு தரம் தள்ளிப்போட்டாராம், விமானம் என்றாலே நடுங்குகிறாராம்! பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் தண்ணீர்க் குடத்தோடு சேர்த்து இந்தக் கதையையும் முத்தையாபுரம் முழுக்கச் சுமக்கிறாள். துறைமுகத்தில் டிரைலர் லாரி ஓட்டியே தலை நரைத்த மனிதருக்குப் பயமா? யாரிடம் சொல்கிறீர்கள்?

அது பயமில்லை. அது ஓர் இனம். வழிமறிச்சான் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாசலில் செருப்பை மாட்டும் நேரம் பார்த்து "எங்கன பொறப்பட்டாச்சு?" என்று கேட்கும். வேம்பார் என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள்: கடலோர ரோட்டில் காற்று அதிகம், போன வாரம்தான் ஒரு வேன் கவிழ்ந்தது, விடியுமுன் போனால் டிரைவர் தூங்குவான், விடிந்தபின் போனால் வெயில் கொல்லும், சாயங்காலம் போனால் திரும்ப இருட்டிவிடும் என்று அடுக்கி, கடைசியில் உங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிடும். திருச்செந்தூருக்குக் கிளம்பிய எத்தனையோ பேர் செந்தூர்பாண்டியிடம் சிக்கி, அவர் வீட்டு நாற்காலியில் இருந்தபடியே முருகனைக் கும்பிட்டிருக்கிறார்கள். முருகனுக்கும் பழகிவிட்டது.

இப்படிப்பட்டவருடைய மகள் முத்துச்செல்வி வாழ்க்கைப்பட்டுப் போனது எங்கே? கனடாவில் வின்னிபெக். இடுப்பு உயரத்துக்குப் பனி கொட்டும் ஊர். வழிமறிச்சானுக்கு வேறென்ன வேண்டும்?

இவருக்குச் சாயங்காலக் காப்பி நேரம் அவளுக்கு விடிகாலை. காப்பி ஆறும், செல்போன் கொதிக்கும்.

"கார்ல ஏறிட்டியா தாயி? எறங்கு."

"யப்பா, ஆபீசுக்கு நேரமாச்சு."

"கூரை மேல கெடக்க பனிய வழிச்சியா? முன்கண்ணாடி மட்டும் தொடச்சா போதாது. பிரேக் போட்டா அம்புட்டும் முன்னால சரிஞ்சு கண்ண மறைக்கும்."

"வழிச்சாச்சு."

"பெட்ரோல்? கம்பளி? மம்பட்டி?"

"மம்பட்டி இல்லப்பா, ஷவல்."

"பேரு எதுவானா என்ன, வண்டியில இருக்கா?"

பனிக்கால டயர் மாட்டினாயா, முன்வண்டிக்கும் உனக்கும் ஒரு தெரு நீளம் இடைவெளி விடு, பிரேக்கை முட்டையின் மேல் கால் வைப்பது போல மிதி, சறுக்கினால் பதறாதே, பின்பக்கம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பு, வண்டி சிக்கிக்கொண்டால் இறங்கி நடக்காதே, புகைக்குழாயைப் பனி அடைக்காமல் பார் என்று மூச்சுவிடாமல் சொல்வார். அத்தனையும் சரிதான், யூடியூபில் பார்த்துப் பார்த்துக் கற்றது. எல்லாம் சொல்லி முடித்து, "ஆனா நீ போகாத" என்பார்.

ஒரே ஒரு நாள் மகள் அவர் சொல் கேட்டு வீட்டில் இருந்தாள். அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயலில் நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள். கெட்டது குடி! வழிமறிச்சானுக்கு ஒரு தரம் பலித்துவிட்டால் ஏழு தலைமுறைக்குத் தாங்கும்.

அந்த வேகத்தில்தான் சறுக்குவதைச் செய்தே காட்டுகிறேன் என்று உப்பளத்துக்குக் கிளம்பினார். வெள்ளையாக இருக்கிறது, வழுக்குகிறது. பனிக்கு வேறென்ன இலக்கணம்? ஸ்கூட்டரின் பின்னால் மனைவி செல்லக்கனி. அவள் கையில் செல்போன். போனுக்குள் மகள்.

"பாரு தாயி, வண்டி வழுக்குதா? இப்ப நான் பதறாம..."

அவர் பதறவில்லை. ஸ்கூட்டர்தான் பதறியது. இரண்டு பேரும் உப்புப் பாத்திக்குள்ளிருந்து எழுந்து வந்து வெயிலில் காய்ந்தபோது, தலைமுதல் கால்வரை வெள்ளை. மகள் சிரித்துச் சிரித்து நிறைந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா? இதுக்குத்தான் போகாதன்னு சொல்லுதேன்!" என்றார் அவர், மீசையில் உப்போடு.

செல்லக்கனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் இரவுதான் மகள் தனியாக அவளிடம் சொல்லியிருந்தாள்: "யம்மா, தலைப்பிள்ளை. எனக்குப் பயமா இருக்கு. நீ மட்டுமாவது வந்துரு." முதல் டிக்கெட் பனிப்புயலில் போனது. இரண்டாவது, புயல் வரலாம் என்பதில் போனது. மூன்றாவதும் போனால் பிள்ளை வந்துவிடும்; அம்மா வரமாட்டாள்.

இரண்டு பேருக்கும் போட்ட மூன்றாவது டிக்கெட்டின் நாள் வந்தது. வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் போக சுடலைக்கண்ணனின் ஆட்டோ வாசலில் நின்றது. செந்தூர்பாண்டி செல்லைத் தேய்த்தார். முகம் மலர்ந்தது.

"மைனஸ் இருபத்தெட்டு! காத்து வேற. ஏளா, ரெண்டு நாள் பொறுப்போம்."

செல்லக்கனி பையைத் தூக்கினாள். தனியாக மதுரையைத் தாண்டியறியாதவள்.

"ஏங்க, வயித்துக்குள்ள இருக்க பிள்ளைக்கு யாரு வானிலை சொல்லுதா? அது பொறப்பட்டா நிக்காது. நானும் நிக்கமாட்டேன்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஞானபாக்கியம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஏலே சுடலைக்கண்ணா, மெதுவாப் போ! சட்டுன்னு பிரேக் போடாத!" என்று இவர் வாசலிலிருந்து கத்தினார்.

"அண்ணாச்சி, இங்க இருந்து கத்துதீய சரி. அங்கன வலி எடுத்து, மருமகப்பிள்ளை பதற்றத்துல பனியில வண்டிய வெரட்டினா யாரு கத்துவா?"

செந்தூர்பாண்டி மனசுக்குள் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தார். மருமகன் ஸ்டீயரிங்கில், மகள் வலியில், செல்லக்கனிக்குக் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாது. பின்சீட்டில் 'மெதுவா' என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இல்லை!

"ஏலே, நில்லுலே!"

ஒரு காலில் செருப்பு, தலையில் குரங்குக் குல்லா, கக்கத்தில் கம்பளி. வாசற்படியைத் தாண்டிவிட்டார்.

சரி, உங்களை ஒன்று கேட்கவேண்டும். விமானம் அந்தக் குளிரில் இறங்குமா, இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாமே என்று இப்போது ஒரு நொடி நினைத்தீர்கள், இல்லையா? பரவாயில்லை, வெட்கப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் யாரோ பையோடு நிற்கிறார்கள் போலிருக்கிறது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வாசலை மறைக்கிறீர்கள்.