குளிசை அண்ணன்

ஈஸ்ட் டாமாக்கி தொழிற்பேட்டையில் வேலை பார்த்த தமிழர்களில், பல்வலி வந்து நேராகப் பல் டாக்டரிடம் போனவர் எவரும் இல்லை. முதலில் குளிசை அண்ணனிடம்தான் போவோம். எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், யாழ்ப்பாணத்தார். மாத்திரைக்கு அவர்கள் ஊரில் குளிசை என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது.

நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில் ஆன்டிபயாடிக் வாங்க டாக்டர் சீட்டு வேண்டும். அண்ணனுக்கு அது தேவையில்லை. கொழும்புக்கோ சென்னைக்கோ யார் கிளம்பினாலும், "வரேக்க பலகாரம் ஒண்டும் வேண்டாம், குளிசை கொண்டு வா" என்று சொல்லிவிடுவார். சாப்பாட்டு இடைவேளையில் ஃபோர்க்லிஃப்ட் இருக்கையில் அமர்ந்தபடியே வைத்தியம் நடக்கும். நோயாளி கீழே நின்று அண்ணாந்து வாயைத் திறக்க வேண்டும். மாத்திரையை நீட்டும்போது அண்ணன் சொல்லும் விதி ஒன்றுதான், வலி நின்றதும் மருந்தையும் நிறுத்திவிட வேண்டும்:

"நோ நிண்டா நிப்பாட்டு. மிச்சத்தைத் திருப்பித் தா, இன்னொராளுக்கு உதவும்."

எனக்குப் பல்வலி வந்தபோது கிடைத்த மாத்திரை அட்டை ஏற்கெனவே இரண்டு பேரின் கடைவாயைப் பார்த்த அனுபவசாலி.

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டினா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"அவன் பல்லைக் கழட்டுவான் தம்பி. குளிசை கழட்டாது."

அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி விழுங்கினேன்.

போன குளிர்காலத்தில் அண்ணனுக்கே தாடை வீங்கியது. தன் மருந்தைத் தானே விழுங்கினார். வலி நின்றது, நிறுத்தினார். திரும்ப வந்தது, திரும்ப விழுங்கினார். ஒரு நாள் காலையில் கிடங்கில் அவர் குடித்த தேநீர் உள்ளே இறங்காமல் வாயோரம் வழிந்தது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

அவரை என் காரில் ஏற்றினேன். பதற்றத்தில் நான் ஓட்டும் லட்சணம் தனி. இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டேன். "மூச்சு விடுங்கண்ணே, மூச்சு விடுங்க" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

"முதல்ல நீ விடு" என்று பல்லிடுக்கில் முனகினார்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் அவர் பெயரைக் கேட்டாள். "குளிசை" என்றேன். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்தது அதுதான். அந்தப் பெண்ணும் மரியாதையாக அதையே தட்டச்சு செய்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பல் உள்ளே செத்துப் பல நாளாகிவிட்டது, ரத்தம் ஓடாத இடத்துக்கு மாத்திரை போய்ச் சேராது என்றார். வலியை அடக்கி அடக்கி வைத்ததில் சீழ் தாடைக்கடியில் பரவி, மூச்சுக்குழாயை நெருக்குகிறது. பல்லைப் பிடுங்கிச் சீழை வெளியேற்ற வேண்டும். ஆன்டிபயாடிக்கும் உண்டு, ரத்தக்குழாய் வழியாக. ஆனால் அது துணைக்குத்தான். பிழைப்பாரா என்று கேட்டேன். நேரத்தோடு கொண்டுவந்தீர்களா என்பது இனிமேல்தான் தெரியும் என்றார்.

காத்திருந்த நேரத்தில் ஒரு ஜோக்கும் எனக்கு வரவில்லை.

சாயங்காலம் கண் விழித்தார். கழுத்தில் கட்டு, கையில் ஊசி. குரல் காற்றாக வந்தது.

"கழட்டிட்டாங்களோ?"

"ஆமாண்ணே."

"நோகேல்லை" என்றார், வலிக்குமென்று இத்தனை நாள் ஏமாற்றப்பட்டவர் போல.

"உங்க அலமாரியில இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஃபார்மசில அழிக்கக் கொடுத்துரப் போறேன். திட்டுறதுன்னா இப்பவே திட்டிருங்க."

திட்டவில்லை. "ஓம்" என்று சம்மதித்துக் கண்ணை மூடினார். போர்வைக்குள்ளிருந்து கை வந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டது, பிடித்தபடியே தூங்கிவிட்டார். நர்ஸ் கொண்டுவந்த டீயை நான் இடது கையாலேயே குடித்து முடித்தேன்.