சாட்சிக்கு ஒரு பெரிய டிஸ்க்

முதலில் வம்புக்கு இழுத்தவன் என் மச்சான். இதை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரன் பிறந்த நாள். வீடு நிறைய ஆட்கள். கையில் கேக்குத் தட்டோடு நின்றுகொண்டு, "அத்தானுக்கு டயரைத் தவிர வேற ஒண்ணும் கழட்டத் தெரியாது" என்றான். கூடமே சிரித்தது. ஆயுசு பூராவும் டயர் கடையில் லாரிச் சக்கரம் மாட்டிய கை என்னுடையது. மன்னிப்புக் கேள் என்றேன். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன் இல்லையா, சொன்ன வார்த்தையையே அழித்துவிட்டான். என் மனைவியும், "அவன் அப்படிச் சொல்ற பிள்ளை இல்லீங்க" என்று தம்பி பக்கம் சாய்ந்துவிட்டாள்.

ஆனால் என்னிடம் சாட்சி இருந்தது. மகள் எடுத்த வீடியோ. வீட்டு லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் மறுபடி ஒன்றாகக் கூடும்போது போட்டுக் காட்டுவது என்று காத்திருந்தேன். ஒருத்தர் குறைந்தாலும் காட்டுவதாக இல்லை.

அதற்குள் லேப்டாப் நிறைந்துவிட்டது. என் மனைவி தையல் சொல்லிக்கொடுத்து வீடியோ எடுக்கிறவள். காலர் வெட்டுவது, ஜிப் வைப்பது, பட்டன் ஓட்டை போடுவது.

"ஏங்க, இடமே இல்லை. அந்தப் பிறந்த நாள் வீடியோவ அழிச்சிரட்டுமா?"

"உன் ஜிப்ப அழி."

"பிள்ளைங்க பார்த்துப் படிக்குதுங்க."

"உன் தம்பியும் பார்த்துப் படிக்கணும். அதுக்குத்தான் வெச்சிருக்கேன்."

"அப்ப பெரிய டிஸ்க்கா போட்டுத் தரத் தம்பியைக் கூப்பிடட்டுமா?"

"சாட்சியை எதிராளி கையிலயே குடுக்கச் சொல்றியா? நாளைக்கு நானே மாத்தறேன்."

ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, மாத்துங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பெரிய டிஸ்க் வாங்கினேன். கடைக்காரர் ஏதோ விளக்க வந்தார். எனக்கா சொல்லித் தரணும் என்று கிளம்பி வந்துவிட்டேன். லேப்டாப்பைக் கவிழ்த்து, பின்மூடியைக் கழற்றினேன். சீட்டுக்கட்டு அளவில் பழைய டிஸ்க். அதை உருவினேன், புதியதைச் செருகினேன், ஸ்க்ரூவை இறுக்கினேன். ஓடுகிற லாரியில் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று பார்த்தவன் இறுக்குகிற மாதிரி இறுக்கினேன். ஸ்க்ரூவின் தலையே மழுங்கிவிட்டது. நல்லதுதான், இனி எவனாலும் கழற்ற முடியாது.

பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரே ஒரு வரி.

"என்னங்க சொல்லுது?"

"புதுசுல்ல. கூச்சப்படுது."

"என் ஜிப்பெல்லாம் எங்க?"

"பழைய டிஸ்க்ல இருக்கும்."

"அதையெல்லாம் இதுக்கு மாத்தலையா?"

"டயர் மாத்தும்போது பழைய டயர் காத்தையா புதுசுல அடைக்கறோம்?"

"அப்ப பழசையே மாட்டுங்க."

மாட்டலாம். புதியது வெளியே வந்தால்தானே? ஸ்க்ரூ டிரைவர் சுற்றியது. நான் சுற்றினேன். ஸ்க்ரூ மட்டும் சுற்றவில்லை.

மனைவி போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பையோடு வந்து நின்றான் மச்சான். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

"அத்தான், இத எந்த ஸ்பானரால இறுக்கினீங்க?"

நான் சுவர்க் காலண்டரில் தேதி பார்த்தேன்.

"சரிக்கா, புதுசு உள்ளேயே இருக்கட்டும். எல்லாத்தையும் இதுல ஏத்திரலாம்."

"எல்லாம் வேணாம்டா. என் வீடியோ பூரா நேத்தே பென்டிரைவ்ல எடுத்து வெச்சிட்டேன்."

சட்டென்று திரும்பினேன். "நேத்தே எதுக்கு எடுத்தே?"

"நீங்களே மாத்தறேன்னு சொன்னீங்கல்ல?"

லேப்டாப் உயிர் பிடித்தது. காலர், ஜிப், பட்டன் எல்லாம் வந்தன. "கேமரா ஓடுதான்னு பாக்கறேன்க்கா" என்று எதையோ தட்டினான். திரைக்கு மேலே கடுகு மாதிரி ஒரு விளக்கு எரிந்தது. பிறகு என் பழைய டிஸ்க்கை எடுத்துத் தன் பையில் போட்டான்.

"டேய், அதுல என் வீடியோ இருக்கு!"

"பத்திரமா இருக்கு அத்தான். இதுக்கு ஒரு பெட்டியும் வயரும் போட்டாதான் பாக்க முடியும். கடையில போட்டு வைக்கிறேன்."

"திருடா! சாட்சியக் களவாடற திருட்டுப் பயலே!"

கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் சிரித்துக்கொண்டே போனான்.

மறுநாள் மனைவி நூல் கோத்தபடி சொன்னாள். "நீங்க ஒரு மன்னிப்புக் கேட்டா தம்பி டிஸ்க்கக் குடுத்துருவானாம்."

"நானா? எதுக்கு?"

"திருடான்னு திட்டினீங்களே."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

லேப்டாப் கேமராவே புது டிஸ்க்கில் எடுத்த முதல் வீடியோ. அதில் நான்தான் "திருடா!" என்று கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வர வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் வரவில்லை.