துள்ளாத விதையும் அக்காவின் புதுக் கண்ணாடியும்

ஐந்தாம் லயம், ஜெராம் சாலை,
கோல சிலாங்கூர்.
14.8.1984

சீமையில் தாதிப் படிப்புப் படிக்கும் மருமகள் சந்திரிகாவுக்கு, தாய்மாமன் காளியண்ணன், ரப்பர்த் தோட்டத்து நாற்றங்காலில் ஆட்களை மேய்த்த முன்னாள் மண்டோர், ஆசி கூறி எழுதிக்கொண்டது. மாரியாத்தாள் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே நலம். அந்த ஊர்க் குளிரில் நீயும் நலமாக இருக்க ஆத்தாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கண் ஆப்பரேஷனுக்கு அம்மா மறுக்கிறாள், வாசலில் பூக்கூடை தொங்கவிட்டால் பார்க்கும் ஆசையிலாவது சம்மதிப்பாள் என்று எழுதி, பெட்டூனியா விதையும் அனுப்பியிருந்தாய். அக்காவிடம் சொன்னேன். "கண்ணு தெரிஞ்சு எதப் பாக்கப் போறேன்? ஒன் மூஞ்சியையா?" என்றாள். நான் நெஞ்சில் கைவைத்து, அவள் கண்ணாடி போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் நாளில் லயத்து வீட்டு வாசல் பூந்தோட்டமாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித்தான் தாயே, அவள் ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே தூசி. பக்கத்து வீட்டு லோரி டிரைவர் அப்பளசாமி எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, மருமவ மூக்குப்பொடி அனுப்பிருக்கா லா?" என்று கேலி செய்தான். நான் முப்பது வருடத்தில் கோடி ரப்பர் விதை பார்த்தவன். நல்ல விதையைச் சிமெண்டுத் தரையில் போட்டால் பந்துபோலத் துள்ளும், துள்ளாதது சொத்தை, இது வெள்ளைக்காரத் துரைக்கே நான் சொல்லிக்கொடுத்த பாடம். அதே முறையில் உன் விதையையும் நாற்காலிமேல் ஏறி நின்று அடுப்படித் தரையில் போட்டேன். துள்ளவில்லை, அந்த நேரம் பார்த்து அப்பளசாமி காற்றாடிச் சுவிட்சைத் தட்டிவிட்டான், விதை எந்தத் திசைக்குப் போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். வேறு ஆளாக இருந்தால் அழுதிருப்பான். நான் விளக்குமாற்றால் வீடு முழுக்கக் கூட்டி, கூட்டியதை அப்படியே விதைத்தேன். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்கு முப்பது எடுத்து, தேங்காய் நாரும் மண்ணும் நிரப்பி, கம்பி கட்டி வாசலில் தொங்கவிட்டேன். ஒன்றில் கோழி ஏறி அடைகாத்தது. ஒன்று அறுந்து அப்பளசாமி தலையில் விழுந்தது, அது நியாயம்தான்.

அப்புறம் பூத்தது பார், அப்படியொரு பூ! மேனேஜர் ஜீப்பை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். ஜெராமிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். கம்போங் குவாந்தான் மின்மினிகள் ஆற்றங்கரையை விட்டு எங்கள் லயத்துக்கே குடிவந்துவிட்டன என்று பேச்சு.

போன வெள்ளிக்கிழமை அக்கா புதுக் கண்ணாடியோடு டாக்சியில் வந்து இறங்கினாள். நேராக முதல் மங்கின் கீழே போய் நின்றாள். கைநீட்டி ஒரு இதழைத் தடவினாள். கண்ணில் நீர். "டேய் தம்பி..." என்றாள், அதற்குமேல் பேச்சு வரவில்லை.

ஆகவே கவலையை விட்டுப் பரீட்சைக்குப் படி. தீர்க்காயுசோடும் கம்பளிச் சட்டையோடும் இரு.

இப்படிக்கு,
காளியண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உன் அம்மா பிடுங்கி, வாசலில் உட்கார்ந்து, எழுத்து விடாமல் தானே படித்துவிட்டாள். இரண்டு வருடமாக உன் கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவற்றையும் கேட்கிறாள். நீ வாங்கியதாக நான் சேர்த்துப் படித்த நாலு தங்கப் பதக்கத்துக்கு நீதான் வழி சொல்ல வேண்டும்.

உள்ளதை எழுதச் சொல்லி எதிரில் நிற்கிறாள். மங்குகளில் தொங்குவது நான் டவுனில் வாங்கிய பிளாஸ்டிக் பூ. அன்று பேச்சும் வந்தது: "டேய் தம்பி, இதுல வெலச் சீட்டு தொங்குதுடா." சிரித்துச் சிரித்துத்தான் கண்ணில் நீர். அடுப்படிக் குப்பையில் முளைத்ததெல்லாம் கடுகும் கொத்தமல்லியும்.

ஆனால் ஏழாவது மங்கில், கொத்தமல்லிக்கு நடுவே, ஐம்பது காசு அகலத்தில் ஊதாப் பூ ஒன்று இன்று காலை விரிந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அக்காதான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்தாள். "இது ஒண்ணு நெசம்டா" என்றாள். பறித்து உனக்கு அனுப்பக் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள்.

"அவளுக்கு எழுதினாப் போதும் லா. நான் இன்னும் பாத்து முடிக்கல."