எட்டே எட்டு மதிப்பெண்

இந்தக் கதையை இருபது வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் அத்தான், என் அக்காவின் கணவர். பள்ளிக் கல்வி அலுவலகத்தில் சிறப்பு உதவித் தேவை மதிப்பீட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லுகிறவர் அல்ல. ஆனால் ஒரு மனிதர் தன்னையே இவ்வளவு பெரிய முட்டாளாகக் காட்டிக் கதை சொன்னால் எங்கோ இடிக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தெரியாமலே, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஓர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெண். செல்லப்பெயர் வாயாடி. பேச்சில் கெட்டிக்காரி, படிக்க உட்கார்ந்தால் மட்டும் எழுத்துகள் அவள் கண்முன்னே எழுந்து இடம் மாறி உட்காரும். தையல் வேலை செய்யும் அவள் அம்மா எட்டு மாதம் அலைந்து, பதினோரு படிவம் நிரப்பி, தினம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஒரு சிறப்பு ஆசிரியைக்கு உத்தரவு வாங்கினாள். பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்த அறையில் பாடம் நடந்தது. வருடக் கடைசியில் வாயாடி வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆபத்தும் அங்கேதான் தொடங்கியது.

அலுவலக விதி மிகத் தெளிவானது. ஆண்டுக்கு ஒருமுறை இருபது அட்டைகளைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். பிள்ளை நன்றாக முன்னேறியிருந்தால், உதவி இனித் தேவையில்லை என்று நிறுத்தப்படும். முன்னேறவே இல்லையென்றால், உதவி பயனற்றது என்று நிறுத்தப்படும். முந்தைய மதிப்பீட்டைவிடச் சரியாக ஒரே ஒரு மதிப்பெண் கூடியிருந்தால் மட்டும், 'நம்பிக்கையூட்டும் தேக்கநிலை' என்ற தலைப்பின் கீழ் உதவி நீடிக்கும். வாயாடி உதவியில் சேர்ந்தபோது எடுத்தது ஏழு.

மதிப்பீட்டு நாளன்று, அதிகாரி வருவதற்குள் ஆசிரியை அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாளாம்:

"எட்டு. ஏழும் கூடாது, ஒன்பதும் கூடாது. புரியுதா கண்ணு?"

"எட்டு எடுத்தா நீங்க இங்கேயே இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"எந்த எட்டு, டீச்சர்?"

"ஏதோ ஒரு எட்டு."

"அப்ப கஷ்டமான எட்டை எடுத்துக்கறேன். பாடுபட்டுப் படிச்சதை ஏன் வீணாக்கணும்?"

"தப்பாச் சொல்றப்ப சிரிச்சுடாதே."

"நான் சிரிக்க மாட்டேன். நீங்க சிரிக்காம இருங்க."

அத்தான் வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் தன்னை எப்படியோ அடக்கிக்கொண்டு, முதல் அட்டையை எடுத்தார். மரம்.

வாயாடி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நாற்காலி" என்றாள்.

அத்தான் பேனாவை நிறுத்தினார். "நாற்காலியும் மரத்துல செய்யறதுதானே? ஒரு அரை மார்க் போடலாமா?"

ஆசிரியைக்கு வியர்த்தது. "வேண்டாங்க ஐயா. விதிப்படி கண்டிப்பா இருங்க."

"சின்னக் குழந்தைம்மா. கொஞ்சம் தாராளமா..."

"போடாதீங்க சார்," என்றாள் வாயாடி. "எனக்கு அது தெரியவே தெரியாது."

'பால்', குதிரை ஆனது. 'வீடு', செவ்வாய்க்கிழமை ஆனது. பன்னிரண்டு அட்டைகள் இப்படி மண்ணைக் கவ்வின. பதின்மூன்றாவது அட்டை, 'முன்னெச்சரிக்கை'. தண்ணீர் குடிப்பதுபோல வாசித்தாள். பிறகு 'ஒருங்கிணைப்பாளர்', 'மறுபரிசீலனை' என்று ஒவ்வொன்றாக வீழ்த்தி, கடைசியில் 'நிர்வாகச் சீர்திருத்தம்' என்று முழங்கிவிட்டு, மேசைக்கு அடியில் மடக்கியிருந்த விரல்களை ஒருமுறை சரிபார்த்தாள்.

"எட்டு வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சும்மா."

அத்தான் அறிக்கை எழுதினார்: 'மாணவிக்கு எளிய சொற்களில் கடும் குறைபாடு, அலுவலகச் சொற்களில் அபாரத் தேர்ச்சி. அரசுப் பணிக்கு உகந்த இயல்பான வளர்ச்சி. உதவி தொடரலாம்.'

மேலிடம் உளமார மகிழ்ந்தது. இதுவே முன்மாதிரி முன்னேற்றம் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை போனது. மறுவருடம் அந்த வட்டாரத்தில் உதவி பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும், சொல்லிவைத்தாற்போல, ஒரே ஒரு மதிப்பெண் கூடுதலாக எடுத்தார்கள். துல்லியமான வளர்ச்சிக்காக அலுவலகத்துக்குக் கேடயம் கிடைத்தது. எந்தப் பிள்ளைக்கும் ஆசிரியை பறிபோகவில்லை.

வாயாடி வருடத்துக்கு ஒன்றாக ஏறி, பதினேழு மதிப்பெண்ணோடு பள்ளியை முடித்தாள். இப்போது வழக்கறிஞர். கோப்பின்படி அவளால் மூன்று சொற்களை இன்னமும் வாசிக்க முடியாது. அவற்றில் ஒன்று 'மரம்'.

"ஒரு பொடிசு இந்த மனுஷனை ஏமாத்திடுச்சு பாரு," என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வாள். நாங்கள் சிரிப்போம். அத்தானும் கூடவே சிரிப்பார். நானும் இருபத்தைந்து வருடமாக ஓர் அலுவலகத்தில் விதி தவறாமல் கையெழுத்துப் போடுகிறவன்தான். என்னை யாரும் ஏமாற்றியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வாரம் அவர் மறுபடி இந்தக் கதையைச் சொன்னார். "எந்த எட்டு, டீச்சர்?" என்று அவர் வாயாடியின் குரலிலேயே கேட்டபோதுதான், இடிக்கிற இடம் எனக்குப் பிடிபட்டது. அந்த ஆசிரியை இதை வெளியே சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். அதிகாரியிடமே போய்ச் சொல்லியிருப்பாளா? வாயாடியும் வாய் திறந்ததில்லை. எல்லோரும் சிரித்து ஓய்ந்து எழுந்து போகும்வரை காத்திருந்து கேட்டேன்:

"அத்தான், அவங்க ரெண்டு பேரும் பேசினப்ப கதவு சாத்தியிருந்ததே. நீங்க வெளியே எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டிருந்தீங்க?"