கொக்கு பாடம் சொன்ன மீன் மெஷின்

ஒரு காட்டில் மரங்கள் இருந்தன. இந்தக் கதைக்கு அவை தேவையில்லை. மேலே ஒரு குட்டை, கீழே ஆழமான மடு, நடுவில் ஒரு மதகு. இது போதும். கோடையில் குட்டை வற்றும். மீன்கள் மதகு வழியாக மடுவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும்.

போன கோடையில் இரண்டு நீர்நாய்கள் "நாங்களும் மீன்தான்" என்று சொல்லி உள்ளே புகுந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தன. உடனே காட்டு நிர்வாகம் மடுவுக்கு மேலே வலை கட்டியது. மதகில் தண்ணீருக்குள் கேமரா வைத்து, அதை ஒரு மெஷினோடு இணைத்தது. எதிரில் நிற்பது என்ன மீன் என்று மெஷின் சொன்னால் மதகு திறக்கும். சொல்லாவிட்டால் திறக்காது.

மாரிக்கண்ணு என்ற விரால் எட்டு நாளாக அங்கே நிற்கிறாள். கூடவே இருநூறு குஞ்சுகள், சிவப்பு நூல்கண்டு உருண்டு வந்த மாதிரி. அவள் மட்டும் என்றால் சேற்றில் புரண்டு கரையேறி, வலைக்கு அடியில் நுழைந்தாவது போய்விடுவாள். குஞ்சுகளால் அது ஆகாது. குட்டையில் மிச்சம் ஒரு சாண் தண்ணீர். அதுவும் சூடு.

மெஷினைப் பார்த்துக்கொள்வது சிங்காரம் என்ற நண்டு.

"நேரா நில்லுங்கக்கா. ஆடாதீங்க."

நின்றாள். மெஷின் யோசித்தது. பிறகு சொன்னது: "ரப்பர் செருப்பு. இடது கால். உறுதி, தொண்ணூற்றொரு சதவீதம்."

"டேய், நான் செருப்பாடா?"

"நேத்து உங்களைத் தென்னமட்டைன்னுச்சு. இன்னைக்குப் பரவால்ல."

"உனக்கு என்னைத் தெரியுமா தெரியாதா?"

"நீங்க குஞ்சா இருந்தப்பவே தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? மதகு என் பேச்சைக் கேக்காதே."

மாரிக்கண்ணுவுக்குப் பின்னால் நின்ற கெளுத்தியை மெஷின் 'வேர்' என்றது. கெண்டையை 'வெளிச்சம்' என்றது. எட்டு நாளில் ஒரு மீன்கூட உள்ளே போகவில்லை. ஆனால் மெஷின் பரீட்சையில் தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியிருக்கிறதாம். சிங்காரம் அதைப் பெருமையாகச் சொன்னான்.

"அதுக்கு மீனை அடையாளம் காட்டிப் பாடம் சொன்னது யாரு?"

"வேதாச்சலம் சார்."

"கொக்கா?"

"காட்டுல மீனைப் பத்தி அவரை விட்டா யாருக்குக்கா தெரியும்? பத்தாயிரம் போட்டோ கொடுத்தாரு."

"ஒரு மீனைக் கேட்டிருக்கலாமே."

"கேட்கலாம்னுதான் பேசினாங்க. மீன்னா ஒருதலைப்பட்சமா சொல்லும்னு விட்டுட்டாங்க."

"பரீட்சைக்கு?"

"அதுக்கும் அவர் எடுத்த போட்டோதான்."

போட்டோக்களைக் காட்டச் சொன்னாள். சிங்காரம் ஒவ்வொன்றாகத் தள்ளினான். கெண்டை, கொக்கின் அலகில். கெளுத்தி, கொக்கின் அலகில். அயிரை, கொக்கின் அலகில். முந்நூற்றுப் பதினாலாவது படத்தில் மாரிக்கண்ணு அசையாமல் நின்றுவிட்டாள்.

"இது என் வீட்டுக்காரர்."

சிங்காரம் கொடுக்கால் தலையைச் சொறிந்தான். "ரொம்பத் தெளிவா விழுந்திருக்காருக்கா."

அழ நேரமில்லை. தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. அவள் கேட்டாள்: "கொக்கு மூக்கு இல்லாம ஒரு போட்டோ இருக்கா?"

சிங்காரம் தேடினான். இல்லை.

வேதாச்சலம் அந்தப் பக்கம்தான் ஒற்றைக்காலில் நின்றார். ஏன் இப்படி என்று மாரிக்கண்ணு கேட்டதும் கோபப்படக்கூட இல்லை. "என் தொழில் முறை அதும்மா. தூக்கணும், தலைப்பக்கம் திருப்பணும், அப்புறம்தான் பேர் சொல்லணும். தூரத்துல இருந்து சொல்றவனெல்லாம் அரைகுறை."

"அப்போ நீங்க தூக்கிக் காட்டினாத்தான் நான் மீனா?"

"அதுக்கென்ன, தூக்கிட்டாப் போச்சு. முதல்ல உன்னை, அப்புறம் குஞ்சுகளை ஒவ்வொண்ணா." சொல்லும்போதே தொண்டை ஏறி இறங்கியது.

மாரிக்கண்ணு ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. மெஷின் இத்தனை நாளாக மீனைப் பார்க்கவே இல்லை, மூக்கைத்தான் பார்த்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துபோனது.

"ஐயா, சிங்காரம் ஒண்ணு சொல்றான். மெஷினுக்கு இப்போ உங்களையே அடையாளம் தெரியலையாம்."

"என்னையா? அதுக்கு எழுத்தறிவிச்சவனே நான்தானே?"

"தெரியலை. நீங்களே ஒரு தடவை மூஞ்சியைக் காட்டிப் பாருங்க. எனக்கெதுக்கு வம்பு?"

வேதாச்சலம் விறுவிறுவென்று நடந்து வந்து, கழுத்தைத் தண்ணீருக்குள் விட்டு, கேமராவுக்கு நேராக அலகை நீட்டினார்.

மெஷின் யோசிக்கவே இல்லை. "விரால். தொண்ணூற்றொன்பது சதவீதம். வருக, வருக."

மதகு திறந்தது.

"ஓடுங்கடா!" என்றாள் மாரிக்கண்ணு. இருநூறு குஞ்சும் சிவப்பாகப் பாய்ந்தன. கெளுத்தி பாய்ந்தது. கெண்டை சிங்காரத்தை இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்தது. கடைசியாக மாரிக்கண்ணு. மடுவின் குளிர்ந்த தண்ணீர் செவுளில் பட்டதும் அவள் ஒரு மூச்சு விட்டாள்.

வழக்கமான கதை என்றால் இங்கே முடிந்திருக்கும். புத்திசாலி பிழைத்தாள், சுபம். ஆனால் மதகு இன்னும் மூடவில்லை. மெஷின் யாரை 'வருக' என்றதோ அவர் இன்னும் வரவில்லையே. வேதாச்சலம் ஒரு கணம் யோசித்தார். குனிந்தார். உள்ளே வந்துவிட்டார்.

அன்றைக்கே பதினேழு குஞ்சுகளைக் காணோம். மாரிக்கண்ணு மதகுக் கம்பியில் வந்து முட்டினாள். "சிங்காரம்! உள்ள ஒரு கொக்கு இருக்குடா!"

சிங்காரம் பட்டியலைப் பார்த்தான். "கொக்கே இல்லக்கா. ஒரே ஒரு விரால்தான் உள்ள போயிருக்கு."

"அப்போ நான்?"

"நீங்க இன்னும் வெளியதான் இருக்கீங்க."

"அந்த விரால் என் புள்ளைங்களைத் தின்னுதுடா!"

"விரால் பசியில குஞ்சைத் தின்னும்தானேக்கா? உங்க இனத்துல அது சகஜம்னு எழுதியிருக்கு."

போன வருஷம் பசியில் மாரிக்கண்ணுவே இரண்டை விழுங்கியிருக்கிறாள். இல்லையென்று எப்படிச் சொல்வது?

மிச்சமிருந்த நூற்று எண்பத்து மூன்றையும் கூட்டிக்கொண்டு மடுவின் நட்டநடுவுக்குப் போனாள். அங்கே கொக்குக்குக் கால் எட்டாது. கரையோரம் அவர் நின்றார். நடுவில் இவர்கள் வளர்ந்தார்கள்.

மழை வந்ததும் நிர்வாகம் கூட்டம் போட்டது. இந்தத் தடவை மீன்களின் கருத்தையும் கேட்டுத்தான் அடுத்த மெஷின் செய்வோம் என்றார்கள். பதிவான மீன் யாராவது வந்து பேசலாம் என்று அறிவித்தார்கள். பதிவில் ஒருவர்தான் இருந்தார். மீன்கள் சார்பில் வேதாச்சலம் பேசினார். ரொம்ப உருக்கமாகப் பேசினாராம். நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

நீதி: மெஷினுக்கு உன்னைத் தெரியவில்லை என்றால் அழாதே. அதற்கு யாரைத் தெரியுமோ அவரைக் கூட்டி வந்து கதவைத் திற. திறந்ததும் ஆழமான இடமாகப் பார்த்து ஓடு. அவரும் உள்ளே வருவார்.